பக்கக் காற்றில் பைபிளேனை இறக்குவது: சக்கரக்கட்டை வைக்கும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வால் சக்கரம் கொண்ட சிறிய பைபிளேனில், அதாவது மேலும் கீழுமாக இரண்டு இறக்கை கொண்ட விமானத்தில், பக்கக் காற்றோடு இறங்குவது பற்றி என்னிடம் கேட்பவர்கள், பெரும்பாலும் தரைக்கு மேல் கடைசி ஐம்பது அடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இறக்கையை எவ்வளவு சாய்ப்பது, ரடரை, அதாவது வாலில் மூக்கைத் திருப்பும் துடுப்பின் மிதியை, எப்போது மிதிப்பது, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டுமா என்பவை அவர்களுடைய கேள்விகள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நான் நேரில் பார்த்த உடைந்த இறக்கைகளில் பெரும்பாலானவை அந்த ஐம்பது அடியில் உடையவில்லை. விமானம் அழகாகத் தரை தொட்டு, வேகம் தணிந்து, விமானி மூச்சு விட்ட பிறகு உடைந்தவை.

அவற்றுள் ஒன்று என் கையால் உடைந்தது. விமானம் பிட்ஸ் எஸ்-2பி. இறக்கை முனைக்கு முனை 20 அடி, 260 குதிரைத்திறன் எஞ்சின். கலிபோர்னியாவில் ஒரு சிறிய விமானத் தளம். வலது பக்கத்திலிருந்து சுமார் 12 நாட் (மணிக்கு ஏறத்தாழ 22 கி.மீ.) காற்று. நல்ல இறக்கம். வேகம் 20 நாட் அளவுக்குக் குறைந்ததும் தோள்கள் தளர்ந்தன. கண்ணாடிக் கூரையின் தாழ்ப்பாளைத் திறக்கலாம் என்று கையை நீட்டினேன். அப்போது இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கடந்துகொண்டிருந்தேன். காற்று அந்தச் சந்து வழியாகப் பாய்ந்து வந்தது. மூக்கு வலது பக்கம் திரும்பியது. இடது காலை அழுத்தினேன். ஒரு நொடி தாமதம். டயர் கிறீச்சிட்டது, வலது இறக்கை எழுந்தது, இடது கீழ் இறக்கையின் முனை தாரில் உரசிக்கொண்டே போனது. இறங்கிப் பார்த்தபோது துணி உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே மரச் சட்டம் சிம்பு சிம்பாக, புதிதாகச் சீவிய பென்சில் போல வெளுத்துத் தெரிந்தது. அதற்குப் பிறகு, சக்கரம் உருளாமல் தடுக்கும் சக்கரக்கட்டை வைத்து முடிக்கும் வரை இறக்கம் முடியவில்லை என்ற கணக்கில்தான் பறக்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

இதைப் படித்துவிட்டுத் தனியாகப் போய் முயன்று பார்க்க வேண்டாம். வால் சக்கர விமானம் ஓட்ட அமெரிக்காவில் பயிற்றுநரிடம் தனியாக ஒப்புதல் கையெழுத்து பெற வேண்டும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே இவ்வகை விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தப் பயிற்சியில் பக்கக் காற்றில் ஏறுவதும் இறங்குவதும், இறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலேறுவதும் கட்டாயப் பாடங்கள். உங்கள் நாட்டு விதி எதுவானாலும், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த விமானம் ஏன் திரும்பிக்கொள்ளப் பார்க்கிறது

பாரம் ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு ஓடினால் அது உங்கள் பின்னால் நேராக வரும். அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பாருங்கள். கொஞ்சம் கோணினாலும் பின்னால் இருக்கும் விசை அந்தக் கோணலை மேலும் பெரிதாக்கும். மூக்குச் சக்கர விமானம் முதல் வகை. அதன் எடை மையம், எடையைத் தாங்கும் இரண்டு பெரிய முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், கோணலாக இறங்கினாலும் தானாக நேராகும். வால் சக்கர விமானத்தில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு சற்றே திரும்பினால், பின்னால் இருக்கும் எடை முன்னேறி முந்தப் பார்க்கும். தடுக்காவிட்டால் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இதற்குத்தான் கிரவுண்ட் லூப் என்று பெயர்.

பக்கக் காற்று இந்தக் குணத்தைத் தூண்டிவிடுகிறது. சக்கரங்களுக்குப் பின்னால் உடலும் வால் துடுப்பும் நீண்டு கிடப்பதால், காற்று வாலைத் தள்ளும். மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும். கூரை மேல் இருக்கும் காற்றுக் காட்டியின் வேலையும் இதுதான். விமானம் வலது பக்கம் சுற்றத் தொடங்கினால் உடல் இடது பக்கம் சாயும். வலமிருந்து வரும் காற்றும் வலது இறக்கையைத் தூக்கி அதே சாய்வுக்குத் துணை போகும். என் விமானத்தில் இடது முனை தரை தொட்டதற்குக் காரணம் இதுவே.

பைபிளேனுக்கு இன்னும் சில கூடுதல் தொல்லைகள் உண்டு. முதன்மைச் சக்கரங்கள் நெருக்கமாக இருக்கும். மேல் இறக்கை உயரத்தில் நின்று காற்றைப் பிடிக்கும். கீழ் இறக்கை தரைக்கு மிக அருகில் இருப்பதால் அதிகம் சாய்க்க முடியாது. இரண்டு இறக்கையும் இடையில் கம்பிகளும் சேர்ந்து தரும் இழுவையால், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடிய உடனே வேகம் கொட்டிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கு முன்பக்கத்தை முழுவதும் மறைக்கும்.

இந்த விமானங்கள் பிறந்த காலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத்துக்கு பிரேக்கே கிடையாது. வாலில் சக்கரத்துக்குப் பதில் ஒரு உரசு கட்டைதான். அன்றைய தளங்கள் பல பரந்த புல்வெளிகள். காற்று வரும் திசையைப் பார்த்து, அந்தத் திசைக்கே மூக்கைத் திருப்பி இறங்கினார்கள். நீண்ட ஒற்றைத் தார்ப் பாதை வந்த பிறகுதான் பக்கக் காற்று அன்றாடப் பாடமானது. இன்றும் அருகில் புல் பாதை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். புல்லில் டயர் சற்று வழுக்கிக் கொடுக்கும், தார் பிடித்துக்கொள்ளும்.

முதலில் கணக்கு

ஓடுபாதை 27, அதாவது 270 பாகை. காற்று 310 பாகையிலிருந்து 12 நாட், வீச்சில் 18 என்று கோபுரத்திலிருந்து சொல்கிறார்கள். கோண வித்தியாசம் 40. இதில் பக்கவாட்டில் எவ்வளவு வருகிறது என்று கண்டுபிடிக்கக் கடிகாரத்தை நினைத்து, பாகையை நிமிடமாகக் கொள்ளுங்கள். 15 பாகை என்றால் கால் பங்கு, 30 என்றால் பாதி, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் முழுதும். 40 பாகைக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு. 12 நாட்டில் 8, வீச்சின்போது 18-இல் 12. உங்கள் எல்லையோடு ஒப்பிட வேண்டிய எண் 12. எட்டைப் பார்த்து மனம் நிறைந்துவிடக் கூடாது.

கையேட்டில் 'நிரூபிக்கப்பட்ட பக்கக் காற்று' என்று ஓர் எண் இருக்கலாம். நீண்ட காலம் நடப்பில் இருந்த அமெரிக்கச் சான்றிதழ் விதிப்படி, அது இறங்கும் நிலையிலுள்ள ஸ்டால் வேகத்தில் (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் வேகம்) ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஸ்டால் வேகம் மணிக்கு 60 மைல் என்றால் 12 மைல். சோதனை விமானி அந்த அளவு காற்றில் இறங்கிக் காட்டினார் என்பதுதான் அதன் பொருள். உங்களால் முடியும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. புதியவருக்கு என் அறிவுரை: 5 நாட்டில் தொடங்குங்கள். அது சலிப்பூட்டும் அளவுக்கு எளிதான பிறகு 8. பிறகு 10. வீச்சுக் காற்று இருக்கும் நாளில் ஒரு படி கீழே இறங்குங்கள். வீச்சின் கூடுதலில் பாதியை அணுகல் வேகத்தோடு சேர்ப்பது பரவலான வழக்கம்; மேலே சொன்ன காற்றுக்கு 3 நாட்.

ஓடுபாதை ஓரத்துக் காற்றுப் பையையும் பாருங்கள். அமெரிக்கத் தர அளவுப்படி செய்த பை 15 நாட்டில் முழுதாக விறைத்து நிற்கும். அதன் கோணத்தைவிட அது எவ்வளவு துள்ளுகிறது என்பதே எனக்கு முக்கியம். காற்று வரும் பக்கத்தில் மரவரிசை அல்லது கொட்டகை இருந்தால், அது எந்த இடத்துக்கு நேராக முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்று அந்த இடத்தில்தான் திடீரென்று மாறும்.

வளைந்து வாருங்கள்

நேராக நீண்ட இறுதி அணுகல் இந்த விமானத்துக்குப் பொருந்தாது. ஓடுபாதையே கண்ணில் படாது. தளத்தைச் சுற்றி வரும் வட்டத்திலிருந்து ஒரே தொடர் வளைவாக இறங்கி வந்தால், பாதை கடைசி வரை பக்கவாட்டில் தெரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இடது வட்டத்தில் வரும்போது காற்றும் இடது பக்கத்திலிருந்து வந்தால், அந்த வளைவின் நடுப்பகுதியில் காற்று உங்களைப் பின்னாலிருந்து தள்ளும். ஓடுபாதை நேர்கோட்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அப்போது இடது ரடரை மிதித்து மூக்கை உள்ளே இழுக்கக் கால் துடிக்கும். குறைந்த வேகத்தில், தரைக்கு அருகில், அப்படி மிதிப்பது ஸ்டாலுக்கும் சுழலுக்கும் நேர் வழி. தாண்டிவிட்டால் தாண்டியதுதான். த்ராட்டிலைத் திறந்து மேலேறி, அடுத்த முறை முன்னதாகவே திரும்புங்கள்.

சாய்வும் ரடரும்

பக்கக் காற்றைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் முறை: ஓட்டத்துக்கு எதிராக மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நேராகக் கரை சேர்வது. வானத்தில் இது நன்றாக வேலை செய்யும். அதே கோணத்தில் தரையைத் தொட்டால் இந்த விமானம் மன்னிக்காது. ஆகவே கடைசியில் இரண்டாவது முறைக்கு, அதாவது சைட் ஸ்லிப்புக்கு மாற வேண்டும்: காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரடரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைப்பது.

பெரும்பாலான சிறிய பைபிளேன்களில் ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் தகடு) கிடையாது. உயரத்தைக் குறைக்கவும், மூக்குக்குப் பக்கத்தில் பாதையைப் பார்க்கவும் எப்படியும் ஸ்லிப், அதாவது பக்கவாட்டில் சறுக்கி இறங்குவது, தேவைப்படுகிறது. எனவே காற்று வலமிருந்து வந்தால், வலது இறக்கை தாழ, இடது ரடர் நன்றாக மிதித்த நிலையில் இறங்கி வாருங்கள். மூக்கு இடது பக்கம் தள்ளி நிற்கும். ஓடுபாதை மூக்கின் வலது ஓரத்தில் தெளிவாகத் தெரியும். தரை நெருங்கியதும் இடது காலைச் சற்றுத் தளர்த்துங்கள். மூக்கு வந்து பாதையோடு நேராகும். சாய்வையும் அதற்கேற்பக் குறையுங்கள். இப்போது நீங்கள் சைட் ஸ்லிப்பில் இருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் பலர் குழம்புவது, கையும் காலும் ஒன்றாக ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைப்பதால்தான். இரண்டுக்கும் வேலை வேறு. விமானம் பக்கவாட்டில் நகர்கிறதா என்பது கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டான ஸ்டிக்கின் பொறுப்பு. மூக்கு எங்கே பார்க்கிறது என்பது காலின் பொறுப்பு. இடப்பக்கம் நகர்ந்தால் வலது சாய்வைக் கூட்டுங்கள். அதனால் மூக்கு அசைந்தால் அதைக் கால் பார்த்துக்கொள்ளட்டும்.

இதைப் பழக ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. நீளமான பாதையில், பயிற்றுநரோடு, தரை தொடாமல் சில அடி உயரத்தில் கடைசி வரை பறந்து செல்லுங்கள். மூக்கைக் கோட்டுக்கு நேராகவே வைத்துக்கொண்டு, சாய்வை மட்டும் மாற்றி விமானத்தை வலது ஓரத்துக்கும் இடது ஓரத்துக்கும் நகர்த்துங்கள். ஒரு மணி நேரம் இதைச் செய்தவருக்கு, இருபது சாதாரண இறக்கங்கள் தராத தெளிவு கிடைக்கும். எனக்குப் பக்கக் காற்று புரிந்தது அப்படித்தான்.

முழு ரடரையும் மிதித்தும் மூக்கு நேராக வரவில்லை என்றால், விமானம் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. அன்று அந்தப் பாதையில் இறங்க முடியாது. வேறு பாதையோ வேறு தளமோ தேடுங்கள். அதற்கு எரிபொருள் இருக்கும்படி முன்பே பார்த்துக்கொள்வதும் பக்கக் காற்றுப் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

எந்தச் சக்கரம் முதலில்

மூன்று சக்கர இறக்கத்தில் விமானம் தன் மிகக் குறைந்த வேகத்தில் தரை தொடுகிறது. வால் சக்கரமும் உடனே பிடி கொடுக்கிறது. வீல் லேண்டிங் எனப்படும் முறையில் முதன்மைச் சக்கரங்கள் மட்டும் முதலில் தொடும்; வால் மேலே நிற்கும். வேகம் அதிகமாக இருப்பதால் ரடருக்கு உயிர் இருக்கும், முன்னால் பாதையும் தெரியும். ஆனால் வால் கீழே இறங்கும் அந்தச் சில நொடிகளில் ரடர் வலுவிழந்திருக்கும்; வால் சக்கரமும் இன்னும் தரைக்கு வந்திருக்காது. தள்ளிப்போட்ட சிக்கல் அங்கே வந்து சேரும்.

இதைப் பற்றி விமானிகள் ஓயாமல் வாதிடுவார்கள். என் முடிவு விமானத்தைப் பொறுத்தது. பிட்ஸில் மூன்று சக்கர இறக்கம்தான். ரப்பர்க் கயிறு கட்டிய அதன் கால்கள், வேகமாகத் தொட்டால் துள்ளித் தூக்கி எறியும். ஸ்டியர்மன் போன்ற பெரிய, உயரமான பைபிளேனில் வீச்சுக் காற்று இருந்தால் வீல் லேண்டிங் நல்ல துணை. எதுவானாலும், நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பக்கக் காற்று நாளில் செய்யுங்கள். தெரியாத முறையை முயலக் காற்றில்லாத காலை நேரம் இருக்கிறது.

மூன்று சக்கர முறையில், வலமிருந்து காற்று வந்தால், வலது முதன்மைச் சக்கரமும் வால் சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும். இடது சக்கரம் பிறகு தானே இறங்கும். தொடுவதற்கு முன் இறக்கையைச் சமமாக்கிவிட வேண்டாம். சமமாக்கிய உடனே காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளலோடு சக்கரம் தரையைத் தொடும். ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது புதியவர்களுக்குத் தப்பாகத் தோன்றும், சரியானது அதுதான்.

ஒரு நுட்பம். பல விமானங்களில் வால் சக்கரம் ரடரோடு இணைந்து திரும்பும். இடது ரடரை மிதித்த நிலையில் வால் தரை தொட்டால் அந்தச் சக்கரமும் திரும்பிய நிலையிலேயே தொடும். மூக்கு வெடுக்கென்று இடது பக்கம் இழுக்கும். ஆகவே தொடும் கணத்தில் கால் இலேசாக நடுநிலைக்கு வந்து, உடனே தேவையான அளவுக்குத் திரும்ப வேண்டும். உங்கள் வால் சக்கரத்துக்குப் பூட்டு இருந்தால், இறங்கும் முன் அது பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தரையில் ஓடும் நேரம்

தொட்டாயிற்று. உண்மையான வேலை இப்போதுதான்.

ஸ்டிக்கை வயிறு தொடும் வரை பின்னால் இழுத்து அங்கேயே வையுங்கள். வால் சக்கரம் தரையில் அழுந்தும். கூடவே ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். வேகம் குறையக் குறைய, இறக்கையைச் சாய்க்கும் தகடான எய்லரானின் வலிமை குறையும். எனவே அளவு கூட வேண்டும். ஓட்டம் முடியும்போது ஸ்டிக் முழுதும் அந்தப் பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். இது காற்றுப் பக்க இறக்கையை எழவிடாமல் தடுக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு: எதிர்ப்பக்கத்தில் கீழே இறங்கிய எய்லரான் அந்தப் பக்கம் இழுவையைக் கூட்டி, மூக்கு காற்றுக்குள் திரும்புவதையும் கொஞ்சம் எதிர்க்கும். தரை தொட்டதும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

எங்கே பார்ப்பது? பிட்ஸின் பின் இருக்கையில் உட்கார்ந்தால் முன்னால் மூக்கும் இறக்கையும்தான். அதன் இரு பக்கமும் ஓடுபாதையின் ஓரங்கள் இரண்டு முக்கோணத் துண்டுகளாகத் தெரியும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் நேராகப் போகிறீர்கள். இடது துண்டு அகலமானால் மூக்கு வலது பக்கம் போகத் தொடங்கிவிட்டது. கண்ணை ஒரு பக்கம் குத்திட்டு நிறுத்தாமல் இரண்டையும் ஒரே பார்வையில் வைத்திருங்கள். சில நாட்களில் கண்ணுக்கு முன்பே இடுப்பு சொல்லிவிடும். இருக்கையில் உடல் பக்கவாட்டில் நழுவும் அந்தச் சிறு உணர்வுதான் முதல் எச்சரிக்கை.

கால்கள் ஓயக் கூடாது. சிறிதாக, விரைவாக மிதித்து, உடனே எடுங்கள். மூக்கு நேராகும் வரை மிதித்துக்கொண்டே இருந்தால் அது நேரைத் தாண்டி மறுபக்கம் ஓடும். பிறகு அதைத் திருத்த இன்னும் பெரிய மிதி, அதற்கும் பெரிய திருப்பம். திருப்பத்தை நிறுத்துவதற்கு ஒரு மிதி, அது நின்றதும் எதிர்க்காலால் ஒரு சிறு தொடுகை. நிதானமாக நடக்கும்போது ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றுகிற தாளம் அது.

ரடரின் வலிமை வேகத்தோடு போய்க்கொண்டிருக்கும். காற்றின் வலிமை அப்படியே இருக்கும். ஆகவே மிக ஆபத்தான பகுதி, வேகமாக ஓடும் தொடக்கத்தைவிட மெதுவாக ஓடும் முடிவுதான். 25 நாட்டில் கால் நீளத்துக்கு மிதிக்க வேண்டியிருக்கலாம். அதற்கும் கேட்காவிட்டால் அந்தப் பக்கத்து பிரேக்கை இலேசாகத் தொடுங்கள். இரண்டு பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினால் மூக்கு குத்தும். இந்தக் கட்டத்தில் தாழ்ப்பாள், ரேடியோ, விளக்கு எதையும் தொடாதீர்கள். கோபுரத்திலிருந்து அழைத்தாலும் நின்ற பிறகு பதில் சொல்லலாம்.

கைமீறும்போது

துள்ளினால் மேலே போங்கள். துள்ளிய உயரத்தில் வேகம் இல்லை, சாய்வு கலைந்திருக்கும், காற்று தள்ளிக்கொண்டிருக்கும். த்ராட்டிலை ஒரே சீராக முழுதும் திறங்கள். காக்பிட்டிலிருந்து பார்க்க வலமாகச் சுற்றும் புரொப்பெல்லர் என்றால் மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது கால் காத்திருக்கட்டும். இடமிருந்து காற்று வரும் நாளில் காற்றின் இழுப்பும் அதே பக்கம் சேரும்.

ஓட்டத்தில் மூக்கு திரும்பத் தொடங்கி ரடர் கேட்கவில்லை என்றால், முழு எதிர் ரடரோடு ஒரு நொடி மட்டும் த்ராட்டிலைத் திறந்து மூடுங்கள். புரொப்பெல்லர் காற்று ரடரில் பட்டு அதற்கு வலிமை தரும். ஸ்டிக் பின்னாலேயே இருக்கட்டும். ஆனால் மூக்கு ஏற்கெனவே கொட்டகையையோ நிற்கும் விமானங்களையோ பார்க்கத் தொடங்கிவிட்டால் த்ராட்டிலைத் தொடாதீர்கள். மூடிவிடுங்கள், ஸ்டிக்கைப் பின்னால் பிடியுங்கள், சுற்றி நிற்கட்டும். இறக்கை முனையைப் பழுது பார்த்துவிடலாம்.

நிறுத்துமிடம் வரை

மெதுவாக ஊர்ந்து போகும்போதும் ஸ்டிக்குக்கு வேலை உண்டு. காற்று முன்பக்கச் சாய்வில் வந்தால், ஸ்டிக் பின்னாலும் காற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். பின்பக்கச் சாய்வில் வந்தால் தலைகீழ்: முன்னால் தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடியில் புகுந்து வாலையும் இறக்கையையும் தூக்கும். மூக்கு மறைப்பதால் நெளிந்து நெளிந்துதான் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு நெளிவிலும் காற்றின் கோணம் மாறும், ஸ்டிக்கும் மாற வேண்டும். கொட்டகைகளுக்கு இடையிலான சந்துகளை எட்டுவதற்கு முன்பே நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

முடிந்தால் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள். எஞ்சின் நின்றதும் இருக்கைப் பட்டையால் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். பிறகு இறங்கி, இரண்டு முதன்மைச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காற்று வரும் பக்கத்து இறக்கைக் கயிற்றை முதலில் கட்டுங்கள், அடுத்து மறுபக்கம், கடைசியாக வால். காலைத் தளர்த்துவது இதற்குப் பிறகுதான்.